அழைப்பிதழ் எழுதக் கற்றுத்தந்த மாஸ்டர்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று எங்கள் பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூன்று தடவை கேட்டுவிட்டார். மைதானத்தைப் பற்றியும் கிரிக்கெட் மாட்ச் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது ஒரு கடிதக் கோப்பு பற்றி. பச்சை மட்டை, வெள்ளை நாடா, மேலே மையால் எழுதிய ‘வந்த கடிதங்கள், போன கடிதங்கள்’. 1979இல் உயர்தர மாணவர் மன்றச் செயலாளராக இருந்தபோது அது என் பொறுப்பில் இருந்தது.

மன்றத்தின் வருடாந்த இராப்போசன விருந்து எங்கள் காலத்தவர்களுக்கு மறக்காது. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துப் பெரிய பாடசாலைகள் பலவற்றிலும் அப்படி ஒரு இரவு இருந்தது. அயல் பாடசாலை மன்றங்களுக்கு அழைப்பு போகும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிரதிநிதி வருவார், சாப்பாடு முடிந்ததும் எழும்பி வாழ்த்துரை சொல்வார். அழைப்பு எழுதுவது செயலாளரின் வேலை. நான் முந்திய வருடத்துக் கடிதத்தை எடுத்துத் திகதியை மட்டும் மாற்றி, எங்கள் ஆங்கில மாஸ்டரிடம் திருத்தக் கொடுத்தேன். அவர்தான் மன்றப் பொறுப்பாசிரியர்.

வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஐசே, இது ஆருக்கு எழுதின கடிதம்?” என்று கேட்டார்.

“எல்லாப் பாடசாலைக்கும், சேர்.”

“அப்ப ஒருத்தருக்கும் இல்லை.”

அடுத்த நாள் ஒரு பழைய கொப்பியோடு வந்தார். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கின் எழுத்துகளில் தனக்குப் பிடித்த பகுதிகளை அதில் கையால் எழுதி வைத்திருந்தார். முதலில் சொல்லச் சொல்ல எழுதவைத்தது அமெரிக்காவின் பேர்மிங்காம் நகரச் சிறையிலிருந்து 1963 ஏப்ரலில் கிங் எழுதிய கடிதத்தின் தொடக்கம். நிற ஒதுக்கலுக்கு எதிராக அங்கே நடந்த போராட்டத்தைப் பற்றி எட்டு வெள்ளையின மதகுருமார், வெளியாட்கள் வந்து ஊரைக் குழப்புகிறார்கள் என்று பத்திரிகையில் அறிக்கை விட்டிருந்தார்கள். கிங் சிறைக்குள் கையில் கிடைத்த பத்திரிகையின் ஓரங்களிலேயே பதிலை எழுதத் தொடங்கினார். தன் மேசைக்கு வரும் கண்டனங்களுக்கெல்லாம் பதில் எழுத உட்கார்ந்தால் செயலாளர்களுக்கு வேறு வேலையே நடக்காது, ஆனால் நீங்கள் நல்லெண்ணம் உள்ளவர்கள் என்று நம்புவதால் பதில் எழுதுகிறேன் என்று ஆரம்பிக்கிறார். அப்புறம் ‘ஏன் வந்தாய்’ என்ற கேள்விக்கு நேரடியான பதில்: நான் அழைக்கப்பட்டேன், அதனால் வந்திருக்கிறேன்.

அந்த வசனத்தின் கீழ் இரண்டு கோடு போடச் சொன்னார் மாஸ்டர். “அழைப்பு எண்டால் என்னெண்டு இப்ப விளங்குதோ? நீ கூப்பிட்டதாலை ஒருத்தன் மறியலுக்கும் போவான். திகதியை மாத்திப்போட்டு அனுப்பிற விசயமில்லை, தம்பி.”

அன்று முழுதாக விளங்கவில்லை. இங்கிலாந்துக்கு வந்தபிறகு, நூலகத்தில் கிங்கின் கடிதத் தொகுதிகளைப் புரட்டிய வருடங்களில்தான் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. அந்த மனிதரின் வாழ்க்கையைத் தபாலை வைத்தே சொல்லிவிடலாம் என்று நான் நினைக்கிறேன். 1955 டிசம்பரில், பஸ்ஸில் கறுப்பினத்தவரைப் பிரித்து இருத்தியதை எதிர்த்து அவர் தலைமையில் மொன்ட்கொமரி பஸ் பகிஷ்கரிப்பு தொடங்கும்போது அவருக்கு வயது 26. ஜனவரி நடுப்பகுதியில் மிரட்டல் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் நாளொன்றுக்கு முப்பது நாற்பது என்று வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அதே முகவரிக்கு அழைப்புகளும் வரத் தொடங்கின. 1957 மார்ச்சில் கானா சுதந்திரம் பெற்றபோது அந்நாட்டுத் தலைவர் நிக்ரூமாவின் அழைப்பில் மனைவி கொரெற்றாவோடு அக்ரா போனார். அங்கே அமெரிக்கத் துணை ஜனாதிபதி நிக்சனைக் கண்டபோது, இவர்கள் இங்கே கொண்டாடும் சுதந்திரத்தைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம், அலபாமாவுக்கு வந்து பாருங்கள் என்று அவரையே அழைத்துவிட்டார். இதை வாசித்தபோது மாஸ்டர் பக்கத்தில் இல்லையே என்றிருந்தது.

1959இல் காந்தி நினைவு நிதியின் அழைப்பில் ஒரு மாதம் இந்தியாவில் இருந்தார். கன்னியாகுமரிக்கும் வந்திருக்கிறார். கடலில் சூரியன் இறங்குவதையும் நிலவு ஏறுவதையும் ஒரே நேரத்தில் பார்த்ததைப் பிறகு எழுதினார். அந்தப் பயணத்தில் திருவனந்தபுரத்தில், தலித் பிள்ளைகள் படித்த ஒரு பாடசாலைக்கு அழைத்துப் போனார்கள். தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற இன்னொரு தீண்டத்தகாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தார். முதலில் திடுக்கிட்டதாகவும், பிறகு யோசித்துப் பார்த்து, ஆம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதாகவும் 1965இல் ஒரு பிரசங்கத்தில் கிங் சொன்னார். சாதி பார்த்து வாங்கில் இருத்திய பாடசாலைகள் எங்கள் ஊரிலும் இருந்தன. அதனால் இந்த இடத்தை என்னால் வேகமாகக் கடந்துபோக முடிவதில்லை.

எல்லா அழைப்பையும் அவர் ஏற்கவில்லை, ஏற்கவும் முடியாது. தென்னாபிரிக்க மாணவர் சங்கம் அழைத்தபோது அந்த நாட்டு அரசு விசா கொடுக்க மறுத்தது. 1963 ஆகஸ்ட் 10இல் ஹார்லெமில் நடக்கும் கூட்டத்துக்கு வரும்படி, கிங்கின் அகிம்சை வழியை ஏற்காத கறுப்பினத் தலைவர் மல்கம் எக்ஸ் கடிதம் எழுதினார். கென்னடியும் குருஷேவும் பொது விசயத்தில் ஒன்றுபட முடியும் என்றால் எங்களால் முடியாதா என்று அதில் கேட்டிருந்தார். கிங் போகவில்லை. இருவரும் நேரில் கண்டது ஒரேயொரு தடவை, 1964 மார்ச்சில், சில நிமிடங்கள்தான். போயிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு தபாலையும் சொல்ல வேண்டும். 1964 நவம்பரில், அவர் நோபெல் பரிசு வாங்கப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னர், பெயரில்லாத ஒரு கடிதமும் ஒலிநாடாவும் அவருடைய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டன. அவரை ஒரு கறுப்பினத்தவர் திட்டி எழுதியதுபோல் பாவனை. 34 நாள் இருக்கிறது, நீ செய்யக்கூடியது ஒன்றுதான் என்று முடிந்தது. தற்கொலை செய் என்பதாகவே கிங் அதை விளங்கிக்கொண்டார். பிரித்துப் பார்த்தது கொரெற்றா. எழுதியது அமெரிக்க அரசின் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. என்பது எழுபதுகளில் அந்நாட்டு செனற் விசாரணையில் வெளியே வந்தது. ஓர் அரசாங்கம் தன் குடிமகனுக்கு இப்படியும் கடிதம் எழுதும்.

என் மகளின் பட்டமளிப்புக்கு நியூகாசில் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது கிங்கின் வெண்கலச் சிலையைக் கண்டேன். அவர் உயிரோடு இருந்தபோது கௌரவப் பட்டம் கொடுத்த ஒரே பிரித்தானியப் பல்கலைக்கழகம் அது. 1967 நவம்பர் 13. பத்து நாளுக்கு முன்புவரை அலபாமாவின் பேர்மிங்காமில் சிறையில் இருந்தவர், இந்த அழைப்புக்காக அட்லாண்டிக்கைக் கடந்து வந்து, ஒரு நாள்கூட முழுதாகத் தங்காமல் திரும்பினார். குறிப்பு எதுவும் இல்லாமல் இனவாதம், வறுமை, யுத்தம் என்ற மூன்றையும் பற்றிப் பேசினார். மகள் படம் எடுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்த இடத்தைவிட்டு வர மனமில்லை.

கடைசியாக அவர் ஏற்றது மெம்பிஸ் அழைப்பு. 1968 பெப்ரவரியில் குப்பை லொறியின் நசுக்கும் இயந்திரத்தில் சிக்கி இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன்பிறகு சுமார் 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வந்து பேசும்படி கிங்கைக் கேட்டவர் ஜேம்ஸ் லோசன் என்ற போதகர். ஒரு காலத்தில் நாக்பூரில் படிப்பித்து, காந்தியின் வழியை அங்கே கற்றவர். வேறு பெரிய வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, போக வேண்டாம் என்று கிங்கின் ஆட்கள் சொன்னார்கள். அவர் போனார்.

மாஸ்டரின் கொப்பியில் கடைசிப் பகுதி அந்த மெம்பிஸ் பேச்சிலிருந்து எடுத்தது. ஏப்ரல் 3ஆம் திகதி இரவு, சுடப்படுவதற்கு முந்திய நாள் பேசியது. பத்து வருடங்களுக்கு முன்னர் ஹார்லெமில் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெண் அவர் நெஞ்சில் குத்தினாள். குத்தியது கடித உறை வெட்டும் கத்தி. நுனி பெருநாடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. தும்மியிருந்தாலே இறந்திருப்பார் என்று பத்திரிகை எழுதியது. ஆஸ்பத்திரிக்கு ஜனாதிபதியும் துணை ஜனாதிபதியும் தந்தி அடித்தார்கள், அவற்றில் என்ன இருந்தது என்பது மறந்துவிட்டது என்றார் கிங். நியூயோர்க் ஆளுநர் நேரில் வந்தார், கடிதமும் கொடுத்தார், அதுவும் மறந்துவிட்டது. வைற் பிளெயின்ஸ் உயர்பாடசாலையில் ஒன்பதாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமியின் கடிதம் மட்டும் மறக்கவில்லை. அது முக்கியமாக இருக்கக்கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன், நான் வெள்ளைப் பிள்ளை என்று எழுதியிருந்தாள். நீங்கள் தும்மாததில் எனக்கு மிகவும் சந்தோஷம், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மாஸ்டர் இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அழைப்புப் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். பெரிய பாடசாலைகளின் பெயர்கள் பன்னிரண்டு இருந்தன. தன் பேனையால் பதின்மூன்றாவதாக ஒன்றை எழுதினார். தோட்டங்களுக்கு நடுவில், அந்த வருடம்தான் உயர்தர வகுப்பு தொடங்கியிருந்த ஒரு சின்னப் பாடசாலை. அதுவரை யாரும் அவர்களைக் கூப்பிட்டதில்லை. “இதை றோனியோ போடாதை. கையாலை எழுது” என்றார். நான் நாலு தரம் எழுதிக் கிழித்து, ஐந்தாவதை அனுப்பினேன்.

கிங் தன் கடிதங்களில் ஏறக்குறைய 83,000 தாள்களை 1964இல் பொஸ்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். மிச்சம் வைத்திருந்தவற்றை 2006இல் 3 கோடி 20 இலட்சம் டொலர் கொடுத்து அற்லாண்டா நகரத்தவர்கள் ஏலம் போகாமல் மீட்டார்கள். எங்கள் பச்சை மட்டைக் கோப்பு, யுத்தத்தில் யாழ்ப்பாணமே வெளிக்கிட்ட 1995 இடப்பெயர்வோடு போய்விட்டது. அந்த ஒக்ரோபர் இரவில் உயிரைத் தவிர வேறு எதைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்க முடியும்? ஆனால் அதில் இருந்தவை ஒவ்வொன்றும் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கின்றன.

விருந்தன்று நல்ல மழை. பதின்மூன்றாவது பாடசாலையின் பிரதிநிதி ஏழு மைல் சைக்கிள் மிதித்து வந்தான். வெள்ளை லோங்ஸ் முழங்கால் வரைக்கும் சேறு. மாஸ்டர் தன் கைலேஞ்சியைக் கொடுத்துத் தலையைத் துடைக்கச் சொன்னார், தனக்குப் பக்கத்திலேயே இருத்தினார். முறை வந்ததும் எழும்பினான். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பிரித்தான். வாழ்த்துரையாக்கும் என்று பார்த்தால், நான் எழுதிய அழைப்பு. மழையில் என் மை ஊறிப் பரவியிருந்தது. “இது எங்கட பாடசாலைக்கு வந்த முதல் அழைப்பு” என்றான். “அதிபர் இதை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய் வாசிச்சவர். நாளைக்குத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், சட்டம் போட்டுக் கொழுவ.”