முசோலினி காலத்துக் கீழ்ப்பிரிவுக் கால்பந்து: 1926–43 எக்ஸெல் கோப்பு, இதுவரை

1926 முதல் 1943 வரை இத்தாலியில் நடந்த கீழ்ப்பிரிவு லீக்குகளை ஒரே எக்ஸெல் கோப்பில் அடக்கும் வேலை இப்போது சீரி சி (1935-36-ல் வந்த மூன்றாம் அடுக்கு லீக்) வரை வந்திருக்கிறது. இதில் இறங்க நினைப்பவர்கள் பிரிவின் பெயரை மட்டும் நம்பி ஷீட் பிரிக்க வேண்டாம்.

'பிரிமா திவிசியோனே' (முதல் பிரிவு) என்ற பெயரையே பாருங்கள். இத்தாலியக் கால்பந்தை மாற்றியமைத்து 1926 ஆகஸ்ட் 2-ல் வந்த வியாரெஜ்ஜோ சாசனம் தேசியப் பிரிவை உச்சியில் வைத்தது. பிரிமா அதற்கு அடுத்த இரண்டாம் அடுக்கு. 1929-30-ல் சீரி ஏ, சீரி பி தொடங்கியதும் அது மூன்றாம் அடுக்கானது. 1935-36-ல் சீரி சி நுழைந்ததும் நான்காவதுக்குப் போய், மண்டல அளவிலான போட்டியாகச் சுருங்கிவிட்டது. பெயர் ஒன்று, இடம் மூன்று. அதனால் சீசன், பிரிவு, அடுக்கு எண், நடத்திய அமைப்பு என நான்கும் தனித்தனி நெடுவரிசையாக இருக்கட்டும்.

நடத்திய அமைப்புக்குத் தனி நெடுவரிசை எதற்கு என்று தோன்றலாம். கிளப்புகள் கூடி நடத்திவந்த வடக்கு லீக்கை 1926-ல் கலைத்துவிட்டு, மேலிருந்து நியமிக்கப்பட்ட இயக்குநரகங்களை உட்கார வைத்தார்கள். மேல்பிரிவுகளுக்கு ஒன்று, கீழ்ப்பிரிவுகளுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஒவ்வொன்று, அதற்கும் கீழே மண்டலத்துக்கு ஒன்று. இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் லெயாந்த்ரோ அர்பினாத்தி பொலோன்யாக்காரர், பாசிஸ்ட் கட்சிப் புள்ளி. தலைமையகமும் தூரினிலிருந்து பொலோன்யாவுக்கே போனது. ஒரு போட்டியின் அறிக்கையை எந்த அலுவலகம் வெளியிட்டது என்று தெரியாமல் தேடினால் நாள்கணக்கில் வீணாகும்.

ஏற்றம், இறக்கத்துக்கு ஒரே நெடுவரிசை வைத்தால் கோப்பு கெட்டுவிடும். 'மைதானத்தில் கிடைத்த முடிவு', 'அடுத்த சீசனில் ஆடிய இடம்' என இரண்டாகப் பிரியுங்கள். 1926-27-ல் நாப்போலி 18 ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி எடுத்துக் கடைசியில் நின்றது. ஆனாலும் அடுத்த சீசனில் அதே தேசியப் பிரிவில்தான் ஆடியது. 1929-ல் நாப்போலியும் லாத்சியோவும் எட்டாம் இடத்துக்கு மோதிய ஆட்டம் 2-2 என்று முடிய, இரண்டையும் சீரி ஏ-வில் சேர்த்து, எண்ணிக்கை சரியாக வரத் த்ரியெஸ்தினாவையும் உள்ளே இழுத்து 18 ஆக்கினார்கள். ஃபார்முலா போட்டு இதையெல்லாம் வரவழைக்க முடியாது, கையால்தான் நிரப்ப வேண்டும்.

வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. பதினாறு அணிக் குழுவில் 240 ஆட்டம், ஆக மொத்தப் புள்ளி 480 வர வேண்டும். 479 வந்தால் பெரும்பாலும் தட்டச்சுப் பிழை இல்லை: ஆட வராத அணிக்கு 0-2 தோல்வியோடு ஒரு புள்ளியும் வெட்டுவார்கள். வெட்டுக்கு ஒரு நெடுவரிசை வைத்தால் கணக்கு நேராகிவிடும்.

சமப் புள்ளியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இன்றைய பழக்கத்தில் கோல் வித்தியாசத்தைப் போட்டு வரிசைப்படுத்தக் கூடாது. முப்பதுகளின் பெரும்பகுதியில் சமப் புள்ளி என்றால் சம இடம். ஏற்றமோ இறக்கமோ தொங்கினால் மட்டும் தனி ஆட்டம். பிறகு வந்தது கோல் விகிதம், அதாவது அடித்ததை வாங்கியதால் வகுப்பது. 45-31 அணிக்கு வித்தியாசம் 14, விகிதம் 1.45, 30-20 அணிக்கு வித்தியாசம் 10, விகிதம் 1.50. இரண்டாவதுதான் மேலே. 1938-39 சீரி பி-யில் வெனேத்சியா ஏறியதும் அதலாந்தா நின்றுபோனதும் இந்த வகுத்தலால்தான்.

தேதியிலும் பொறி உண்டு. அறிக்கைகளில் இருக்கும் ரோமன் எண் பாசிச ஆண்டு, அதாவது 1922-ல் முசோலினி ஆட்சிக்கு வந்ததிலிருந்து எண்ணுவது. அது அக்டோபர் 29-ல் தொடங்கும். 1935 செப்டம்பர் என்றால் 13, நவம்பர் என்றால் 14. ஒரே சீசனுக்கு இரண்டு எண். ஊர்ப் பெயரும் இப்படித்தான்: ஜிர்ஜென்தி 1927-ல் அக்ரிஜென்தோ ஆனது, மாஸா, கர்ராரா இரண்டும் 1938-ல் 'அபுவானியா' என்ற புதிய நகராட்சிக்குள் மறைந்தன. கிளப்புக்கு மாறாத ஓர் அடையாள எண் கொடுத்துவிட்டுப் பெயரை சீசன்வாரியாக எழுதுவதே பாதுகாப்பு.

1935-36-ல் நான்கு குழு, 64 கிளப் என்று சீராகத் தொடங்கிய சீரி சி, 1942-43-ல் 12 குழுவாக வீங்கிவிட்டது. அந்த சீசனை ஏற்றும்போது குழு எழுத்துகளை எக்ஸெல்லில் இழுத்து நிரப்பாதீர்கள். இத்தாலிய எழுத்து வரிசையில் ஜே, கே கிடையாது. ஐ-க்கு அடுத்து எல். பன்னிரண்டாவது குழுவின் பெயர் என்.