எலுமிச்சம்பழமும் என் பின்சக்கரமும்

சென்ற ஐப்பசியில், மதுரை ஏ.வி. பாலத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலை, முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுவதற்காகத் திடீரென்று நின்றபோது, என் பல்சர் 150இன் பின்சக்கரம் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் பக்கவாட்டில் ஓரடி நகர்ந்து போய், பிறகு மனம் இரங்கித் திரும்பி வந்தது. மறுநாள் காலையில் பஞ்சர் கடை அண்ணாச்சியிடம் வண்டியைக் காட்டினேன். அவர் டயரை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். பிறகு என் தலையை ஏறிட்டுப் பார்த்து, "ரெண்டுக்கும் ஒரே வயசு போல" என்றார். தேய்மானத்தைக் காட்டுவதற்கென்று பள்ளங்களின் அடியில் வைத்திருக்கும் சிறு மேடுகள், மேலே இருக்கும் ரப்பரோடு எப்போதோ சமமாகிவிட்டிருந்தன. அவை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதையெல்லாம் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகே கடைக்குப் போவது என்று முடிவெடுத்தேன். என் வண்டிக்கு உரியது 100/90-17 55பி. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. மூன்றாவது எண் ரிம்மின் விட்டம், அது மட்டும் அங்குலத்தில். ஒரே வரிக்குள் மில்லிமீட்டரையும் விழுக்காட்டையும் அங்குலத்தையும் கலந்து எழுதியவர், ஏக்கரில் தொடங்கிச் சென்டில் நுழைந்து சதுர அடியில் முடிக்கும் எங்கள் ஊர்ப் பத்திர எழுத்தரிடம் தொழில் பழகியவராக இருக்க வேண்டும். 55 என்பது எடைக் குறியீடு. அந்த ஒரு டயர் 218 கிலோ வரை தாங்கும் என்பது அதன் பொருள். இதை நான் பெருமையோடு விளக்கியபோது, "அப்படியென்றால் போன வாரம் 25 கிலோ அரிசி மூட்டையை ஏன் ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தீர்கள்?" என்று மனைவி கேட்டாள். பி என்ற எழுத்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தைக் குறிக்கும் என்பதை அதற்குப் பிறகு நான் வீட்டில் சொல்லவில்லை.

இதற்கிடையில் மனைவியின் தம்பி வந்தான். அவனுடைய கருத்தில் 100 என்பது மொபெட்டுக்குரிய அகலம். 120 போட்டால்தான் பின்னாலிருந்து பார்க்க வண்டி வண்டியாக இருக்கும். என் வண்டியைப் பின்னாலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைப்பதேயில்லை என்று சொல்லிப் பார்த்தேன். குறுகலான ரிம்மில் அகலமான டயரை மாட்டினால், இரு ஓரங்களும் உள்ளே இறுகி நடுப்பகுதி புடைத்துக்கொள்ளும், அகலம் கூடியும் தரையில் படியும் பரப்பு நாம் நினைத்த அளவுக்குக் கூடாது, செயினோ அதன் கவரோ உரசலாம், மைலேஜ் குறையும். இத்தனையையும் கேட்டுவிட்டு அவன், "எல்லாம் சரிதான் மாமா, ஆனா லுக்கு?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் 100 என்றே நின்றேன்.

கடையில் எனக்கு முதலில் காட்டப்பட்ட டயர் பளபளவென்று, காகிதச் சுற்றுக்கூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. நான் குனிந்து அதன் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைத் தேடினேன். 3819 என்று இருந்தது. முதல் இரண்டு இலக்கம் வாரம், பின் இரண்டு இலக்கம் ஆண்டு. அதாவது 2019ஆம் ஆண்டின் 38ஆவது வாரம், புரட்டாசிப் பிறப்பு. நாங்கள் நின்றுகொண்டிருந்தது 2024இல். விற்காமல் மூலையில் சாத்தி வைத்திருந்தாலும் ரப்பர் நாளாக ஆக இறுகிக்கொண்டுதான் போகும் என்று சொன்னேன். "அது மாடல் நம்பர் சார்" என்றார் கடைக்காரர். அப்படியானால் பக்கத்து அடுக்கில் அதே மாடலில் 0824 என்று இருக்கிறதே என்று கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். வியாபாரம் படிந்த பிறகு மாப்பிள்ளையின் ஜாதகத்தைத் தூசி தட்டி எடுத்த பெண் வீட்டாரைப் பார்க்கும் பார்வை அது. பிறகு பையனிடம், "டேய், சாருக்கு மாசி மாசத்துல வந்ததை எடு" என்றார். மாடல் நம்பருக்கு மாசி மாதம் தெரிந்திருந்ததை நான் பெரிதுபடுத்தவில்லை.

மாட்டும் வேலையைப் பையன் திறமையாகவே செய்தான். பக்கவாட்டில் இருக்கும் அம்புக்குறி, சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும் என்பதை நான் சொல்வதற்கு முன்பே பார்த்துக்கொண்டான். மஞ்சள் புள்ளி டயரின் எடை குறைந்த இடத்தைக் காட்டுகிறது, ஆகவே அது வால்வுக்கு நேராக வர வேண்டும் என்று நான் சொன்னபோது, "அது அழகுக்குண்ணே" என்றான். ஆனாலும் என் மனம் கோணாமல் புள்ளியை நகர்த்தி வைத்தான். எல்லாம் முடிந்தபின், அவனுடைய நல்ல மனத்தினால், ஒரு பஞ்சில் டயர் பாலிஷை நனைத்துப் பக்கவாட்டில் மட்டுமல்லாமல் தரையில் படும் பகுதியிலும் சேர்த்துப் பூசிவிட்டான். நான் அப்போது பணம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

புது டயர் பிறவியிலேயே வழுக்கும் குணமுடையது. டயரை வார்க்கும் அச்சின் உட்புறம் வழவழப்பாக இருப்பதால் அதிலிருந்து வெளிவரும் ரப்பரும் கண்ணாடி போல இருக்கும். அந்த மேல்தோல் சாலையில் உராய்ந்து சொரசொரப்பாக வேண்டும். டயர் ரிம்மில் அமர்ந்து, வளைந்து, சூடாகிப் பழக வேண்டும். அதற்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர், அதாவது 100 மைல், திடீர் பிரேக்கும் திடீர் முறுக்கும் இல்லாமல் பொறுமையாக ஓட்டச் சொல்வார்கள். நான் கடையிலிருந்து வீடு வரை, மாதம் நிறைந்த கர்ப்பிணியை உட்கார வைத்திருப்பவனைப் போல ஓட்டி வந்தேன். என்னை இரண்டு சைக்கிள்கள் முந்தின.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா வாசல் தெளித்து, மாக்கோலம் போட்டு, பின்சக்கரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, அதனடியில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் வைத்துவிட்டாள். வண்டி பழையது, டயர் மட்டும்தானே புதியது என்று சொன்னேன். "தரையில படுறது வண்டியாடா, டயரா?" என்று கேட்டாள். இந்த விஷயத்தில் அம்மாவின் வாதம் டயர் நிறுவனங்களின் விளம்பரங்களைவிட வலிமையானது.

முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டேன். அச்சின் வழவழப்பு, பையனின் பாலிஷ், ஈரக்கோலம், இவற்றின் நடுவே உருண்டையாக ஒரு பழம். சக்கரம் பழத்தின் மேல் ஏறவில்லை; இருந்த இடத்திலேயே சுழன்று, பழத்தைப் பின்பக்கமாக விசிறிவிட்டு, பிறகு வண்டியோடும் என்னோடும் சேர்ந்து கோலத்தின் மேல் மிக நிதானமாகச் சாய்ந்தது. எவ்வளவு நிதானம் என்றால், விழுந்துகொண்டிருக்கும்போதே எதிர்வீட்டுத் தாத்தா செய்தித்தாளை மடித்து வைத்ததை நான் பார்த்தேன். எலுமிச்சம்பழம் ஒரு கீறலும் இல்லாமல் அவருடைய திண்ணையில் போய் உட்கார்ந்திருந்தது. அம்மா ஓடி வந்தாள். "நசுங்கலையே!" என்றாள். அது என் முழங்காலைப் பற்றிய விசாரணை அன்று.

டயரைச் சோப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு, 160 கிலோமீட்டரை முடிக்கும் தவத்தில் இறங்கினேன். அலுவலகம் போய்வர 14 கிலோமீட்டர்தான். ஆகவே யார் எங்கே போக வேண்டும் என்றாலும் நானே முன்வந்தேன். சொந்தக்காரர்களுக்கு இந்தச் செய்தி எப்படிப் பரவியது என்பது இன்றும் விளங்கவில்லை. பெரியம்மா அழகர்கோவிலுக்குப் போக வேண்டும் என்றார்; சித்தப்பாவுக்கு மேலூரில் ஒரு ரசீது வாங்க வேண்டியிருந்தது. மேலூர்ச் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் டயர் ஆலையைக் கடக்கும்போது, என்னுடையது வேறொரு நிறுவனத்து டயர் என்பதால், பங்காளி வீட்டு வாசலைக் கடப்பதுபோல நேராகப் பார்த்துக்கொண்டே போய்விட்டேன்.

140 கிலோமீட்டரில் அண்ணாச்சியிடம் காட்டினேன். அச்சிலிருந்த காற்றுத் துளைகளில் ரப்பர் நுழைந்ததால் முளைத்த மயிரிழைகள் நடுவில் உதிர்ந்துவிட்டிருந்தன. நடுப்பகுதி சொரசொரப்பாகி நிறமும் மங்கியிருந்தது. ஆனால் இரண்டு ஓரங்களிலும் இழைகள் அப்படியே நின்றன. அங்கே இன்னும் பளபளப்பு. "நேராவே ஓட்டியிருக்கீங்க. சாய்ச்சு ஓட்டுனாத்தான ஓரம் பழகும்" என்றார்.

வளைவுக்கு எங்கே போவது? காலை ஐந்தரை மணிக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போனேன். திருமலை நாயக்கர் வெட்டிய அந்தக் குளத்தின் நான்கு பக்கமும் சாலை; ஒரு சுற்றுக்கு நான்கு திருப்பம். முதல் திருப்பத்தில் பயந்து பயந்து, அடுத்ததில் கொஞ்சம் கூடுதலாக என்று சாய்மானத்தைப் படிப்படியாகக் கூட்டினேன். ஆறு சுற்று முடிந்து இறங்கிப் பார்த்தால், வலது ஓரம் அருமையாகப் பழகியிருந்தது. இடது ஓரத்தில் ஒரு மயிரிழைகூடக் கலையவில்லை. பழக்க தோஷத்தில் வலமாகவே சுற்றியிருக்கிறேன்; வலம் வந்தால் எல்லாத் திருப்பமும் வலப்புறம்தான். வேறு வழியின்றி மறுநாள் இடமாக ஆறு சுற்று சுற்றினேன்.

நடைப்பயிற்சிக்கு வந்திருந்த எதிர்வீட்டுத் தாத்தா இதைப் பார்த்துவிட்டார். நான் வீடு திரும்புவதற்குள், மாரியம்மன் தெப்பக்குளத்தை உங்கள் மகன் அப்பிரதட்சிணமாகச் சுற்றுகிறான் என்ற செய்தி அம்மாவிடம் போய்ச் சேர்ந்திருந்தது. நான் ரப்பரைப் பற்றியும் ஓரங்களைப் பற்றியும் விளக்கினேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உள்ளே போய் இன்னோர் எலுமிச்சம்பழத்தோடு வந்தாள்.

இந்த முறையும் அதே ஈரவாசல், அதே முதல் கியர். தாத்தா செய்தித்தாளை முன்கூட்டியே மடித்துவிட்டார். சக்கரம் சுழலவில்லை, நழுவவில்லை. பழத்தின் மேல் ஏறி, 'பொத்' என்ற சத்தத்தோடு அதைச் சப்பட்டையாக்கிவிட்டு இறங்கியது. 160 கிலோமீட்டர் கணக்கை நான் மீண்டும் சொல்லத் தொடங்கியபோது, அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு மாரியம்மனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து முன்சக்கரத்தைத் தடவிப் பார்த்து, "இதை எப்பப்பா மாத்தப் போற?" என்றாள்.