பணம் வாங்க பின் நம்பர் எதற்கு? காட்பாடியில் வீட்டுச் சாமான் விற்ற அனுபவம்

மாமனாரும் மாமியாரும் காட்பாடி காந்தி நகரில் தனியாக இருந்தார்கள். இந்தக் கோடையில் அவர்களைச் சத்துவாச்சாரிக்கு எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். இரண்டு குடும்பத்துச் சாமான் ஒரு வீட்டில் அடங்காது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டேபிள் டாப் கிரைண்டர், ஏர் கூலர், பீரோ, டிவி, தேக்குக் கட்டில் என்று ஒரு அறை நிறைய மிஞ்சியது. காயலான் கடைக்காரர் வந்து பார்த்து எல்லாவற்றையும் எடைக்குக் கேட்டார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஃபிரிட்ஜை எடைக்குப் போட அத்தைக்கு மனம் வரவில்லை, எனக்கும்தான். ஆன்லைனில் போடலாம் என்று முடிவு செய்தோம். கட்டிலைத் தவிர எல்லாம் விற்றுவிட்டது, ஒரு ரூபாய்கூட ஏமாறவில்லை. ஆனால் நடுவில் வந்த திருட்டு போன்கள் கொஞ்சநஞ்சமல்ல. அவை எப்படி வருகின்றன, நாங்கள் என்ன செய்தோம் என்பதை அப்படியே எழுதுகிறேன். வயதான பெற்றோரின் வீட்டைக் காலி செய்யப்போகிற யாருக்காவது உதவும்.

வேலூரில் பழைய சாமானுக்கு எப்போதும் ஆள் உண்டு. விஐடி பல்கலைக்கழகப் பிள்ளைகள் வெளியே அறை எடுத்தால் கூலரும் கட்டிலும் தேடுவார்கள். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். அவர்களுக்கு ஒரு சின்ன ஃபிரிட்ஜ், ஒரு மிக்ஸி வேண்டியிருக்கும். காந்தி ரோட்டுக் கடைகளில் இந்தியும் வங்காளமும் சர்வசாதாரணம். வேறு ஊராக இருந்தால் இந்தியில் போன் வந்ததுமே யோசிப்பார்கள். நமக்கு அப்படித் தோன்றாது, "பாவம், ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களா இருக்கும்" என்றுதான் மனசு போகும். திருடனுக்கு அது வசதியாகப் போய்விடுகிறது.

ஃபிரிட்ஜ் படத்தைப் போட்ட சிறிது நேரத்தில் முதல் போன் வந்தது. அரைகுறை ஆங்கிலமும் இந்தியும். சிஐஎஸ்எஃப்பில், அதாவது மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையில் இருக்கிறானாம், அரக்கோணத்துக்கு மாற்றலாகி வருகிறானாம், குடும்பத்துக்கு ஃபிரிட்ஜ் வேண்டுமாம். கேட்க நம்பும்படியாகத்தான் இருந்தது. அரக்கோணம் பக்கம் தக்கோலத்தில் சிஐஎஸ்எஃப் பயிற்சி மையம் நிஜமாகவே இருக்கிறது, கடற்படையின் ராஜாளி விமானத் தளமும் அங்கேதான். உடனே வாட்ஸ்ஆப்பில் சீருடைப் படம், அடையாள அட்டை, ஆதார் என்று வரிசையாக வந்து விழுந்தன.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ராணுவம் என்றால் தனி மரியாதை. கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர் அது. என் சித்தப்பாவும் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்றைக்கு அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அட்டையைக் காட்டினேன். அவர் முகமே மாறிவிட்டது. "எந்தப் பட்டாளத்துக்காரனும் ஐடி கார்டைப் படம் புடிச்சு முன்ன பின்ன தெரியாதவங்களுக்கு அனுப்ப மாட்டாம்மா. இது எவனோ ஒரு பையனோட கார்டு. அவன் பேரைக் கெடுக்கிறானுங்க" என்றார். போனை வாங்கி இந்தியில் இரண்டு கேள்வி கேட்டார். எந்த யூனிட், இப்போது எங்கே டியூட்டி, அவ்வளவுதான். அந்தப் பக்கம் லைன் கட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகும் இதே கதையோடு வேறு எண்களிலிருந்து போன் வந்தது. எல்லாருக்கும் ஒரே பாடம். பேரம் பேசமாட்டார்கள். 7,500 என்று போட்டிருந்தால் "ஓகே மேடம், ஃபைனல்" என்பார்கள். பொருளைப் பற்றி ஒரு கேள்வியும் இருக்காது. நேரில் வரமாட்டார்கள், "ஆள் அனுப்பி வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன், பணம் இப்போதே போடுகிறேன்" என்பார்கள். நிஜமாக வாங்க வருகிறவர் அப்படி இருக்கவே மாட்டார். எங்கள் ஃபிரிட்ஜை வாங்கிய கொசப்பேட்டைக்காரர் போனிலேயே "இன்னா வருஷம் வாங்கினது? கம்ப்ரசர் மாத்தினதா? கேஸ் ஃபில் பண்ணீங்களா?" என்று குடைந்தெடுத்தார். வந்து, கதவு இறுக மூடுகிறதா என்று அதன் ரப்பரில் ஒரு நோட்டைச் செருகி, இழுத்துப் பார்த்தார். கடைசியில் 6,000க்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன் என்றார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது அந்தக் கறார் பேச்சில்தான்.

சரி, பணத்தை எப்படிப் பிடுங்குகிறார்கள் என்பதற்கு வருகிறேன். வாஷிங் மெஷினுக்கு வந்த ஒருவன் க்யூஆர் கோடு அனுப்பினான். மேலே பச்சை எழுத்தில் "5,500 ரூபாய் பெற ஸ்கேன் செய்யவும்" என்ற பொருளில் ஆங்கில வாசகம். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் உங்கள் கணக்கில் ஏறிவிடும் என்றான். நான் ஒரு பள்ளியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலையிலிருந்து மாலை வரை ஃபீஸ் வாங்குவதுதான் வேலை. இத்தனை வருடத்தில் பணம் வாங்குவதற்கு ஒரு தடவைகூட பின் போட்டதில்லை. யூபிஐயில் பின் என்பது நம் கணக்கிலிருந்து பணம் போவதற்கு நாம் தருகிற சம்மதம். வருகிற பணத்துக்குச் சம்மதமே தேவையில்லை, அது தானாக வந்து விழும். தெருமுனை டீக்கடையில் பாருங்கள். கடைக்காரர் அட்டையை மாட்டி வைத்திருப்பார், ஸ்கேன் செய்வது டீ குடித்த நாம்தான்.

க்யூஆர் படத்தின் மேல் என்ன வாசகத்தை வேண்டுமானாலும் எழுதலாம், அது வெறும் படம். ஸ்கேன் செய்தபின் நம் ஆப்பில் திறக்கிற பக்கம்தான் நிஜம். பின் கேட்கும் திரையின் மேல்பகுதியில் தொகையும், யாருக்குப் போகிறது என்ற பெயரும் தெளிவாக இருக்கும். அவசரப்படுத்துவதே நாம் அதைப் படிக்கக்கூடாது என்பதற்காக. "சீக்கிரம் மேடம், ஆபீசர் நிக்கிறார்" என்று அவன் காதில் கத்திக்கொண்டே இருந்தான். வைத்துவிட்டேன்.

முன்பு இன்னொரு வழியும் இருந்தது. "பணம் அனுப்பியிருக்கிறேன், ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்புவார்கள். நாம் ஒப்புதல் கொடுத்து பின் போட்டால் நம் பணம் போய்விடும். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் இப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியை, யூபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. நல்ல காரியம். ஆனால் க்யூஆர் வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது.

போன வருடம் எதிர்வீட்டு அக்காவுக்கு நடந்ததை அவர் அனுமதியோடு எழுதுகிறேன். தையல் மெஷினை 6,500க்குப் போட்டிருந்தார். ராணுவக் கணக்கிலிருந்து பணம் வரவேண்டும் என்றால் முதலில் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்றான் ஒருவன். 1 ரூபாய் அனுப்பச் சொன்னான், உடனே 2 ரூபாய் திருப்பி அனுப்பினான். நிஜமாகவே வந்தது. அக்கா நம்பிவிட்டார். அப்புறம் 6,500 அனுப்புங்கள், 13,000 ஆகத் திரும்பும் என்றான். வரவில்லை. "சர்வர் பிரச்சினை, இன்னொரு தடவை போட்டால் இரண்டும் சேர்ந்து வரும்" என்றான். மறுபடி 6,500. அதையும் மீட்பதற்காக 13,000. மொத்தம் 26,000 போயிற்று. "அவ்ளோ மரியாதையா பேசினாம்மா, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஜெய் ஹிந்த் சொன்னான்" என்று அழுதார்.

படிப்பில்லாதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அக்கா பட்டதாரி. போன பணத்தை மீட்க வேண்டும் என்ற பதற்றத்தில்தான் இரண்டாவது, மூன்றாவது தடவை பணம் போகிறது. முதல் தடவை பணம் வரவில்லை என்றதுமே போனை வைத்துவிட்டு 1930க்கு அடிக்க வேண்டும்.

அன்று நாங்கள் 1930க்குத்தான் அடித்தோம். சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண் அது. லைன் பிஸியாக இருந்தது, விடாமல் முயன்றோம். கிடைத்ததும் தமிழிலேயே பேசினார்கள். எந்த வங்கி, கணக்கு எண், எத்தனை மணிக்கு, எவ்வளவு, எந்த யூபிஐ முகவரிக்குப் போனது, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உரிய 12 இலக்க எண் என்ன என்று கேட்டார்கள். அந்த எண் பேமென்ட் ஆப்பில் பரிவர்த்தனையைத் திறந்தால் யூடிஆர் என்று இருக்கும். ஒரு தாளில் முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு போன் செய்தால் நேரம் மிச்சம். புகார் எண் குறுஞ்செய்தியில் வந்தது. அன்று இரவே தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் படங்களோடு முழுப் புகாரையும் ஏற்றினோம். மறுநாள் வங்கிக் கிளையில் கடிதம் கொடுத்தோம், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போனோம்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர் கோபத்தில் "அந்த நம்பரை பிளாக் பண்ணிட்டு எல்லாத்தையும் அழிச்சித் தொலை" என்றார். நல்லவேளை, நான் போய்ச் சேரும்வரை அழிக்கவில்லை. வாட்ஸ்ஆப் பேச்சு, அவன் எண், க்யூஆர் படம் எல்லாமே சாட்சி. அழித்தால் புகாரில் சேர்க்க ஒன்றும் மிஞ்சாது.

கடைசியாகப் போன 13,000 அந்தப் பக்கத்துக் கணக்கிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. அதை அக்கா நீதிமன்ற உத்தரவு மூலம் பின்னர் திரும்பப் பெற்றார். முன்னால் போன இரண்டு தொகையும் அதற்குள் வேறு கணக்குகளுக்கு மாறி எடுக்கப்பட்டுவிட்டன. வங்கி ஈடு கட்டுமா என்று கேட்டோம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போயிருந்து, 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு நம் தலையில் விழாது. ஆனால் நாமே பின் போட்டு அனுப்பிய பணத்தை அந்த விதியில் சேர்க்கமாட்டோம் என்றுவிட்டார்கள்.

இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்ததால்தான் இந்தக் கோடையில் நான் தயாராக இருந்தேன். விற்பனைக்கென்று ஒரு பழைய கணக்கை ஒதுக்கினேன், அதில் சில நூறு ரூபாய்க்கு மேல் வைக்கவில்லை. படத்தில் வீட்டு எண், பில்லில் உள்ள பெயர், போன் எண் எதுவும் தெரியாதபடி எடுத்தேன். விலாசத்தை முதல் போனிலேயே சொல்லவில்லை. "காந்தி நகர் வாங்க, வந்து கூப்பிடுங்க" என்பதோடு சரி. ஆள் வரும் நேரத்தில் மாமாவோ தம்பியோ வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். ஓடிபி கேட்டவர்களுக்கும், ஏதோ ஆப்பை இறக்கச் சொன்னவர்களுக்கும் பதிலே சொல்லவில்லை. திரையைப் பகிரும் ஆப்பை இறக்கினால் நம் போனில் நடப்பதெல்லாம் அவன் கண்ணில் தெரியும்.

ஏர் கூலருக்கு வந்த அழைப்பு வேறு வகை. 2,000 ரூபாய்ப் பொருளுக்கு 20,000 தவறிப்போய் அனுப்பிவிட்டதாகவும், மீதி 18,000 உடனே திருப்ப வேண்டும், அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றும் ஒரு பெண் குரல். சிஎம்சி பேரைச் சொன்னால் இந்த ஊரில் யாருக்கு மனம் இளகாது? பணம் வரவு என்று குறுஞ்செய்தியும் வந்திருந்தது. பார்த்தால் சாதாரண 10 இலக்க மொபைல் எண்ணிலிருந்து வந்திருக்கிறது. வங்கியின் குறுஞ்செய்தி வங்கியின் எழுத்துக் குறியீட்டோடு வரும், யாரோ ஒருவரின் மொபைல் எண்ணிலிருந்து வராது. கணக்கைத் திறந்து பார்த்தேன், எதுவும் ஏறவில்லை. ஒருவேளை நிஜமாகவே ஏறியிருந்தாலும் நானாகத் திருப்பி அனுப்பியிருக்கமாட்டேன், வங்கிக்குத்தான் சொல்லியிருப்பேன். வேறு யாரிடமோ திருடிய பணத்தை நம் வழியாக மாற்றுவதும் நடக்கிறது. பணத்தைப் பறிகொடுத்தவர் புகார் கொடுத்தால் முடக்கப்படுவது நம் கணக்கு.

கூலரைக் கடைசியில் விஐடியில் படிக்கிற இரண்டு பையன்கள் ஆட்டோவில் வந்து எடுத்துப்போனார்கள். "ஆன்ட்டி, கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்று கெஞ்சி 1,700க்கு முடித்தார்கள். பணம் போட்டுவிட்டு ஒருவன் தன் போன் திரையைக் காட்டினான். "அது இருக்கட்டும்பா, எனக்கு வரட்டும்" என்று என் ஆப்பில் இருப்பு ஏறுவதைப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன். கொஞ்சம் தாமதமானது, அவர்களும் பொறுமையாக நின்றார்கள். பணம் அனுப்பியதுபோலவே திரை காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன என்று அந்தப் பையனே சொன்னான்.

பீரோவும் வாஷிங் மெஷினும் விருதம்பட்டில் புதிதாகக் குடிவந்த ஒரு தம்பதிக்குப் போயின, குட்டியானை வைத்து ஏற்றினார்கள். ரொக்கமாகக் கொடுத்தார்கள், எண்ணி வாங்கிக்கொண்டோம். கிரைண்டரைத் தெரிந்தவருக்கே கொடுத்தாகிவிட்டது. டிவியைக் கொடுக்கும் முன் அதிலிருந்த எங்கள் மெயில் கணக்கையும் படம் பார்க்கும் ஆப்களையும் வெளியேற்றி, செட்டிங்ஸில் போய் முழுவதும் அழித்தோம். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். விற்ற உடனே விளம்பரத்தையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் போன் நிற்காது.

எனக்கு வந்த திருட்டு எண்களை, மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் பதிவு செய்தேன். பணம் போகாத, சந்தேக அழைப்பு மட்டும் வந்தவர்களுக்கானது அது. எண், தேதி, நேரம், ஸ்கிரீன்ஷாட் கொடுத்தால் போதும், சில நிமிட வேலை.

தேக்குக் கட்டில் மட்டும் பாக்கி. பாகாயத்திலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீளம் அகலம் கேட்டார், கால் கழற்ற வருமா என்று கேட்டார், 9,000 ரொம்ப அதிகம் என்றார்.