பெயர் கட்டுரையில் இருந்தது, கணக்கில் இல்லை

அரியலூர்ப் பக்கத்தில் கிடைத்த, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்து மஸல் சிப்பிப் புதைபடிவம் ஒன்றுக்கு அறிவியல் பெயர் வைத்த வேலை இது. கடைசியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்னும் ஆறவில்லை. கட்டுரை இணையத்தில் ஏறியது. பெயர் மட்டும் விதிப்படி செல்லுபடியாகவில்லை. 2012-இல் விலங்குப் பெயரிடல் விதி திருத்தப்பட்ட பிறகு, மின்வடிவில் வரும் கட்டுரை வெளியாவதற்கு முன்பே ஸூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவானதற்கான அடையாளமும் வெளியீட்டுத் தேதியும் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். மெய்ப்பில் இருந்த பதிவு எண்ணைப் பக்கம் கட்டியவர்கள் இறுதிக் கோப்பில் தூக்கிவிட்டார்கள். "அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டுவிடலாம்" என்று பதில் வந்தது. ஒரு வரி போதாது! பெயரை உயிர்ப்பிக்கும் திருத்தத்தில் பழைய விவரிப்புக்கான சுட்டு, ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமாகக் குறிக்கும் ஒற்றை மாதிரி) எது, அது எங்கே இருக்கிறது, பதிவு அடையாளம் எல்லாம் மறுபடி வர வேண்டும். நல்லவேளை, அந்த இதழுக்கு அச்சுப் பிரதியும் உண்டு. அச்சு வெளியான தேதியிலிருந்து பெயர் செல்லும். மெய்ப்பை மட்டும் நம்பாதீர்கள். ஏற்றப்போகும் கோப்பையே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

களப்பணி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிராமம், அடுக்கு, ஜிபிஎஸ் அளவு மூன்றையும் பையிலேயே எழுதிப் போட்டால் போதும்.

இழுபறி எந்தப் பேரினம் (நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி) என்பதில்தான். கூர்நுனி ஓட்டின் முன்முனையிலேயே இருந்தால் மைட்டிலஸ், சற்றுப் பின்தள்ளி இருந்தால் மோடியோலஸ் என்று பாடத்தில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கையில் கிடைப்பதோ பாதிக்கு மேல் உள்வார்ப்பு, அதாவது ஓட்டுக்குள் நிரம்பிக் கல்லான சேறு. ஓட்டின் அரகோனைட் என்ற கனிம அடுக்கு கரைந்து போயிருக்கும். கால்சைட் அடுக்கு இருந்த இடத்தில் மட்டும் ஓடு மிஞ்சும். உள்வார்ப்பில் நுனி இருக்கும் இடம், ஓடு இருந்தபோது தெரிந்த இடம் அல்ல. ஓட்டின் தடிமன் அளவுக்குத் தள்ளித் தெரியும். அதனால் ஓட்டின் வெளிப்புறம் பாறையில் விட்ட வெளிப்பதிவிலிருந்து சிலிக்கான் வார்ப்பு எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து முடிவு செய்வதே பாதுகாப்பு. மேலிருந்த பாறை அழுத்தி நசுக்கிய மாதிரிகளின் அளவுகளைத் தனி நிறத்தில் குறியுங்கள். இல்லாவிட்டால் நசுங்கலையே புதுச் சிற்றினம் என்பீர்கள். குட்டிகளுக்கும் பெரியவற்றுக்கும் வடிவம் வேறுபடும் என்பதால், ஒரே அடுக்கிலிருந்து பல வயது மாதிரிகள் வேண்டும். சுண்ணாம்புப் பாறை என்று அமிலத்தில் போட்டுவிடாதீர்கள், ஓடும் சேர்ந்து கரையும், ஊசியால் பாறையைக் கிளறி எடுப்பதுதான் வழி. படமெடுக்க அமோனியம் குளோரைடு பூசினால் அன்றே கழுவிவிடுங்கள், நம் ஊர் ஈரக்காற்றில் அது நீர் கோத்துக்கொள்ளும்.

அடுத்தது பழைய பெயர்கள். இந்தப் பகுதிச் சிப்பிகளை பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்தார். தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்ஸ்காவின் நூலில் இருவோட்டிகள் (இரண்டு ஓடுள்ள சிப்பிகள்) பகுதி 1870–71-இல் வந்தது. இரண்டையும் புரட்டாமல் 'புதியது' என்று எழுதக் கூடாது. படத்தைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. அந்தக் காலக் கல்லச்சு ஓவியர்கள் உடைந்த ஓரங்களைத் தாராளமாக முழுமையாக்குவார்கள். இடம் வலம் மாறுவதும் உண்டு. மாதிரியையே பார்க்க வேண்டும். சேகரிப்பகத்தில் எங்களுக்கு நீட்டப்பட்ட தட்டில் 'டைப்' (பெயருக்கு ஆதாரமான மாதிரி) என்று எழுதிய சீட்டு இருந்தது. ஆனால் அந்த ஓட்டின் அளவு, நூலில் அச்சான அளவோடு பொருந்தவில்லை. சீட்டு எழுதியது யார், எப்போது என்று யாரிடமும் பதில் இல்லை. வரைபடத்தின் விரிசல் கோட்டோடு ஒத்துப்போகிற ஓடு பக்கத்துத் தட்டில் அகப்பட்டது. அங்கேயே குதிக்கத் தோன்றியது. மூல ஆசிரியர் ஹோலோடைப் குறிக்காமல் பல மாதிரிகளை வைத்து விவரித்திருந்தால், ஒன்றைப் பிற்பாடு ஆதார மாதிரியாக, அதாவது லெக்டோடைப்பாக்க அந்தச் சொல்லையே எழுதி, 'இங்கே தேர்ந்தெடுக்கிறோம்' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 1999-க்குப் பின் இது கட்டாயம்.

லத்தீன் பெயரின் இலக்கணப் பாலும் வம்பு பண்ணும். பிரெஞ்சு விலங்கியலாளர் லாமார்க் 1799-இல் மோடியோலஸ் என்றார், 1801-இல் மோடியோலா என்றார். முந்தையதே செல்லும். முதலாவது ஆண்பால், பின்னது பெண்பால். எனவே மோடியோலாவில் 'டிபிகா' என்றிருக்கும் சிற்றின அடைமொழி (பெயரின் இரண்டாம் சொல்) மோடியோலஸில் 'டிபிகஸ்' ஆகும். பேரினம் மாறினால் முதலில் பெயர் வைத்தவரின் பெயர் அடைப்புக்குறிக்குள் போகும். மைட்டிலஸுக்கு ஒரு சிற்றினத்தை நகர்த்தும்போது, அங்கே அதே அடைமொழி ஏற்கெனவே இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இருந்தால் பிந்தையது விழுந்துவிடும். ஊர்ப்பெயரில் வைப்பதென்றால் '-என்சிஸ்' ஈறு ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒன்றே, வம்பு குறைவு.

ஹோலோடைப் எண்ணுக்கு வேறு கூத்து. கட்டுரை ஏற்கப்பட்டால்தான் எண் தருவோம் என்றது சேகரிப்பகம். எண் இல்லாமல் ஏற்க மாட்டோம் என்றது இதழ். விதி கேட்பது எண்ணை அல்ல. எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும், அது எந்த ஊரில் இருக்கிறது என்ற அறிவிப்பைத்தான். அதை இரு பக்கமும் அனுப்பிய பிறகு தற்காலிக எண் கிடைத்தது, இதழும் இறங்கி வந்தது. நிரந்தர எண் வந்ததும் மெய்ப்பில் மாற்றினோம். கல்லிலும் அதை மையால் எழுதுங்கள், சீட்டு மட்டும் போதாது.