அப்பா பெட் பக்கத்துல இருந்த மெஷின்

போன மாசம் அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு சேலத்துல ஒரு ஆஸ்பத்திரில சேர்த்திருந்தோம், அஞ்சு ரோடு ட்ராஃபிக்ல ஆம்புலன்ஸ் நின்ன நேரம் இன்னும் மறக்கல. ஐசியூ மானிட்டர் ஓரத்துல ஒரு சீட்டு ஒட்டி அதுல பாஸ்வேர்ட் எழுதியிருந்துச்சு, பார்க்க வர்ற எல்லாரும் படிக்கற மாதிரி. நர்ஸ் அக்காகிட்ட கேட்டேன், "அவசரத்துல மறந்துட்டா என்ன பண்றது தம்பி"ன்னாங்க. நியாயம்தான், உயிர் போற நேரத்துல யாரு பாஸ்வேர்ட் தேடுவாங்க, தப்பு அப்படி டிசைன் பண்ணவங்க மேலதான்.

நான் நெட்வொர்க் வேலை பார்க்கறவன், மனசு அடங்கல. 2017 மே மாசம் வான்னாக்ரைன்னு, கம்ப்யூட்டர பூட்டி பணம் கேக்கற வைரஸ் வந்தப்போ இங்கிலாந்து அரசு ஆஸ்பத்திரிங்கள்ல ஸ்கேன் மெஷின் கூட முடங்குச்சு, நோயாளிங்கள திருப்பி அனுப்பினாங்க. 2022 நவம்பர்ல சைபர் தாக்குதல்ல டெல்லி எய்ம்ஸ் சர்வர் முடங்கி எல்லாத்தையும் கையால எழுதி ஓட்டுனாங்க.

இந்த மெஷின்லாம் பத்து பதினஞ்சு வருஷம் கூட ஓடும், உள்ள இருக்கற விண்டோஸுக்கு அதுக்கு முன்னாடியே அப்டேட் நின்னுடும், புதுசு வாங்க காசு இல்லேன்னாலும் விசிட்டர் வைஃபை வேற மானிட்டர் நெட்வொர்க் வேறன்னு பிரிச்சாவது வைக்கலாம்ல. டிஸ்சார்ஜ் அன்னிக்கு இத பேப்பர்ல எழுதி மேனேஜர்கிட்ட குடுத்துட்டு வந்தேன். அடுத்த வாரம் செக்கப், அந்த சீட்டு இன்னும் இருக்கான்னு பார்க்கணும்.