பிடமனேரியிலிருந்து பாரதிபுரத்துக்கு

ஆடி பிறப்பதற்குள் வீடு மாறியாக வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். பிடமனேரியிலிருந்து பாரதிபுரம், இங்கேயே தர்மபுரிக்குள்தான். குட்டி யானை வண்டி ஒன்றைப் பிடித்து நாமே ஏற்றிவிடலாம் என்றார் கணவர். மாடிப்படி குறுகல், மரபீரோ நல்ல கனம். நான்தான் வீடு மாற்றித் தரும் ஆட்களுக்குப் போன் செய்தேன்.

பொருளைப் பார்க்காமல் போனிலேயே ரேட் சொன்னவரை வேண்டாமென்று விட்டேன். இன்னொருவர் நேரில் வந்து, படி திரும்பும் இடத்தை டேப் வைத்து அளந்தார். ஏற்றுகூலி, இறக்குகூலி, மாடிக்கூலி எல்லாம் சேர்த்து வாட்ஸப்பில் எழுதி வாங்கினேன். இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். போன தடவை வேறு ஆட்கள், பாதி இறக்கிவிட்டுக் கூடுதல் பணம் கேட்டார்கள்; கைக்குழந்தையோடு வாசலிலேயே நின்றேன்.

ஃப்ரிட்ஜை முந்தின நாளே அணைத்துத் துடைத்து வைத்தேன். நிமிர்த்தியே கட்டினார்கள். படுக்கவைத்தால் கம்ப்ரசர் ஆயில் குழாய்க்குள் ஏறிவிடும்.

அத்தையின் அம்மிக்கல்லை என் பழைய நூல்புடவையில் சுற்றி, ஒரு தம்பி படிப்படியாக நின்று நின்று இறக்கினார். அது அத்தைக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. வண்டியில் வைக்கும்வரை அவர் கண் அதைவிட்டு நகரவில்லை.

சாமி படம், உப்பு, மஞ்சள், பால் குண்டான், இண்டக்‌ஷன் அடுப்பு இவற்றை மட்டும் ஸ்கூட்டியில் நானே முன்னால் கொண்டுபோனேன். வண்டி வந்து நின்றபோது பால் பொங்கிக்கொண்டிருந்தது.