ஈரலுக்கு ஆறு நிமிடம், குடலுக்கு ஒரு மணி நேரம்

"குடல், ஈரல் எல்லாம் எனக்குப் பிடிக்காது" என்று மொத்தமாகச் சொல்வது "காய்கறியே பிடிக்காது" என்பதைப் போலத்தான். எந்தக் காய் என்று கேட்டாக வேண்டும். ஈரலும் குடலும் ஒரே ஆட்டின் வயிற்றிலிருந்து வந்தவை. அதைத் தாண்டி இரண்டுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஒன்று ஆறு நிமிடத்தில் வெந்துவிடும், இன்னொன்று ஒரு மணி நேரம் கேட்கும். இரண்டையும் ஒரே சட்டியில் கொட்டி இறக்கினால் ஈரல் செருப்புத் தோலாகும், குடல் ரப்பராகவே இருக்கும். அதைச் சின்ன வயதில் தின்றவர் ஆயுசுக்கும் இந்தப் பக்கம் வரமாட்டார். அவர்மேல் குறை சொல்வதற்கில்லை.

என் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதலிடம் சுவரொட்டிக்கு, அடுத்தது குடல், பிறகு ஈரலும் ரத்தப் பொரியலும். மூளை எப்போதாவது. நுரையீரல் வேண்டவே வேண்டாம்.

சுவரொட்டி என்பது மண்ணீரல். சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும் என்பதால் காலையிலேயே போய்ச் சொல்லி வைக்காவிட்டால் கிடைக்காது. கரும் ஊதா நிறத்தில், தொட்டால் வழவழப்பாக, மேல்சவ்வு கிழியாமல் இருக்க வேண்டும். இதற்குச் சிறந்த சமையல் நெருப்பில் சுடுவதுதான். கம்பியில் குத்தித் தணலில் காட்டி, பக்கத்துக்கு நான்கு நிமிடம். குத்திப் பார்த்தால் சிவப்பாக எதுவும் கசியக் கூடாது. சூடு ஆறியதும் மேல்சவ்வு தானாக உரிந்து வரும். துண்டு போட்டு உப்பும் மிளகுத்தூளும் தூவினால் போதும். வாணலியில் செய்வதானால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் மேலே கீறிவிட்டுப் போட வேண்டும். கீறாமல் போட்டால் சவ்வு முதலில் சுருங்கும், உள்ளே இருக்கும் சதை சுருளும், கடைசியில் எண்ணெய் வெடித்து முகத்தில் தெறிக்கும். இஞ்சி பூண்டு விழுது, சோம்பு, கறிமசாலா எல்லாம் போட்டு இதை வதக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மசாலாவுக்கு எந்தக் கறியைப் போட்டாலும் அதே ருசிதான் வரும், சுவரொட்டி எதற்கு?

பிள்ளை பெற்ற வீட்டில் இதைத் தேடி வாங்கிக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆட்டு ஈரலில் 100 கிராமுக்கு 7 மில்லிகிராம் அளவில் இரும்புச்சத்து என்றால், மண்ணீரலில் அது 40 மில்லிகிராமை ஒட்டி வரும். ரத்தம் ஊறும் என்ற பேச்சு வெறும் பேச்சில்லை. ஆனால் பச்சை உடம்புக்காரிக்கு நன்றாக வெந்ததாகக் கொடுக்க வேண்டும். உள்ளே சிவப்பாக இருந்தால்தான் சத்து என்பதெல்லாம் வேண்டாத வேலை. யூரிக் அமிலம் ஏறி கால் பெருவிரல் வீங்குகிறவர்கள் சுவரொட்டி, ஈரல், குண்டிக்காய் எனப்படும் சிறுநீரகம் மூன்றையும் தள்ளிவைப்பது நல்லது.

ஈரலில் நடக்கும் தப்பு பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: அதிக நேரம் வேகவைப்பது. தொடைக்கறியில் இருப்பதைப் போல உருகி மென்மையாகும் நார் இதில் இல்லை. வேக வேக இறுகும், நீர் வெளியேறும், மாவு மாதிரி ஆகும். பிறகு எத்தனை விசில் விட்டாலும் திரும்பாது. அரைக் கிலோ ஈரலை வாங்கி வந்ததும் மேலே இருக்கும் மெல்லிய தோலை உரித்து, தடித்த வெள்ளைக் குழாய்களை அறுத்தெடுத்து, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரே ஒரு அலசல் போதும். ஊறப்போட்டால் நீரை இழுத்துக்கொண்டு வாணலியில் வதங்காமல் வேகும். பச்சையோ மஞ்சளோ படிந்த இடம் தெரிந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அது பித்தப்பை உடைந்து வழிந்த இடம், எத்தனை கழுவினாலும் கசப்பு போகாது.

இருபது சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இரண்டு கொத்துக் கறிவேப்பிலை, நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. வெங்காயம் பொன்னிறமானதும் கால் தேக்கரண்டி மஞ்சள்தூளும் ஈரலும் போட்டு, தீயைக் கூட்டி, மூடாமல் ஆறு நிமிடம் வதக்க வேண்டும். கொரகொரப்பாகப் பொடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி, சீரகம் அரை, உப்பு எல்லாம் கடைசி இரண்டு நிமிடத்தில். உப்பை முதலிலேயே போட்டால் நீர் விட்டுக்கொண்டு வாணலி குழம்பாகிவிடும். பெரிய துண்டு ஒன்றை உடைத்துப் பார்த்தால் நடுவில் சிவப்பு போய், லேசான ஈரம் இருக்க வேண்டும். அந்த நிமிடமே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். இரும்புச் சட்டியின் சூட்டிலேயே கிடந்தால் அடுப்பை அணைத்தும் பயனில்லை.

ஈரலில் ஓர் எச்சரிக்கை உண்டு. கர்ப்பமாக இருக்கும்போது, அதிலும் முதல் மூன்று மாதத்தில், ஈரலைத் தவிர்ப்பது நல்லது. இதில் வைட்டமின் ஏ மிக அதிகம். அளவு மீறினால் கருவைப் பாதிக்கும். ரத்தசோகை என்று சொல்லி வாரம் மூன்று நாள் ஈரல் ஊட்டும் மாமியார்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

கோழியிலும் இதே கதைதான். கறிக்கடையில் கோழி ஈரலையும் இரைப்பையையும் ஒரே பையில் போட்டுக் கொடுப்பார்கள். வீட்டில் அப்படியே ஒன்றாகக் கொட்டுவார்கள். ஈரலுக்கு ஐந்து நிமிடம், மஞ்சள் உள்தோல் உரித்த இரைப்பைக்கு முப்பது முதல் நாற்பது நிமிடம். இரைப்பையை முதலில் தனியாக வேகவைத்து, வதக்கும்போது கடைசியில் ஈரலைச் சேர்த்தால் பிரச்சினையே இல்லை.

குடலுக்கு வருவோம். சென்னையில் போட்டி, தெற்கே குடல், இலங்கையில் மாட்டு வயிற்றுக் கறிக்கு மலாய்க்காரர்கள் கொண்டுவந்த பாபத் என்ற பெயர். பெயர் எதுவானாலும் வேலையில் முக்கால் பங்கு சுத்தம் செய்வதில் போய்விடும். மிச்சம் கால்தான் சமையல். கடையிலேயே சுத்தம் செய்து தருகிறோம் என்பார்கள். நம்பி வாங்கலாம், ஆனால் வீட்டில் ஒருமுறை செய்யாமல் அடுப்பேற்றக் கூடாது.

குடல் என்று வாங்குவதில் வயிறும் சேர்த்திதான். ஆட்டின் வயிறு நான்கு அறை கொண்டது. பெரிய அறை உள்ளே துவாலைத் துண்டு மாதிரி சொரசொரப்பாக இருக்கும், இரண்டாவது தேனடை மாதிரி, மூன்றாவது புத்தகத் தாள் மாதிரி மடிப்பு மடிப்பாக, நான்காவது வழவழப்பாக. நாற்றம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த மூன்றாவதிலிருந்து வருவது. ஒவ்வொரு ஏடாக விரித்துத் தேய்க்காவிட்டால் அரைத்த புல் உள்ளேயே இருக்கும். பொறுமை இல்லையென்றால் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். குழம்பு கெடுவதைவிட நூறு கிராம் குறைவது மேல்.

பெரிய அறையின் கறுப்புத் தோலை எடுக்க வெந்நீர் வேண்டும், கொதிநீர் கூடாது. விரலை ஒரு நொடிக்கு மேல் வைக்க முடியாத சூடுதான் கணக்கு. அதில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் கத்தியின் முதுகால் சுரண்டினால் தோல் படலம் படலமாக வரும். கொதிக்கும் நீரில் போட்டால் தோல் வெந்து சதையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அரை நாள் சுரண்டினாலும் வராது. சிலர் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவிப் பத்து நிமிடம் வைப்பார்கள். நன்றாகவே வேலை செய்யும், ஆனால் வழுக்கல் முழுதாகப் போகும்வரை ஏழெட்டுத் தண்ணீரில் அலச வேண்டும்.

சிறுகுடலில் எல்லோரும் செய்யும் பிழை, முதலிலேயே துண்டு துண்டாக வெட்டிவிடுவது. இரண்டு அங்குலத் துண்டை உள்வெளியாகத் திருப்ப முடியாது. ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, உள்ளே இருப்பதைப் பிதுக்கித் தள்ளி, தென்னை ஈர்க்கின் தடித்த முனையில் குடலின் ஒரு நுனியை மாட்டி, சட்டைக் கையை உள்ளுக்குள் இழுப்பது மாதிரி திருப்ப வேண்டும். கல் உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து மூன்று முறை கழுவுங்கள். வெளியே ஒட்டியிருக்கும் கொழுப்பில் முக்கால்வாசியை உருவிவிடுங்கள். கிடா வாடை அதில்தான் இருக்கிறது. முழுக்க எடுத்தாலோ குழம்பில் ருசி இருக்காது.

சுத்தம் செய்த ஒரு கிலோவை, மூழ்கும் அளவு தண்ணீரில் அரைத் தேக்கரண்டி மஞ்சளோடு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். சத்து போய்விடும் என்று சண்டைக்கு வருவார்கள். போகட்டும். பிறகு குக்கரில் தட்டிய இஞ்சி, உப்பு, இரண்டு தம்ளர் தண்ணீர் சேர்த்து, முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்து முப்பது நிமிடம். இளங்குட்டி என்றால் இருபது போதும். பெரிய அறைத் துண்டை நகத்தால் கிள்ளினால் அறுபட வேண்டும். அறுபடாவிட்டால் இன்னும் பத்து நிமிடம் வையுங்கள். வேகும் முன் எண்ணெயில் வதக்குவது, நேரத்தை மிச்சப்படுத்தத் தீயைக் கூட்டி எட்டு விசில் விடுவது, இரண்டும் உதவாது. அந்த நாரைக் கரைப்பது நேரம்தான். வெந்தபின் அளவு ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும், ஆட்களை எண்ணி வாங்குங்கள்.

மசாலாவுக்கு மல்லி மூன்று மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் பத்து, மிளகு ஒரு மேசைக்கரண்டி, சோம்பும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, சின்னத் துண்டு பட்டை, மூன்று கிராம்பு. வெறும் சட்டியில் வறுத்துப் பொடியுங்கள். கால் கிலோ சின்ன வெங்காயத்தையும் இரண்டு தக்காளியையும் நல்லெண்ணெயில் வதக்கி, பொடியைப் போட்டு, குடலை அதன் நீரோடு ஊற்றிக் கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். அரை மூடித் தேங்காயை அரைத்து ஊற்றுவது இறுதியில். குக்கரிலேயே தேங்காயைச் சேர்த்தால் அடி பிடிக்கும், திரியும். கடலைப்பருப்பு ஒரு கைப்பிடி சேர்ப்பது சிலர் வழக்கம். இட்லிக்கு அது நன்றாக இருக்கும், சோற்றுக்கு எனக்குப் பிடிப்பதில்லை.

ரத்தப் பொரியலுக்கு ரத்தம் பாய் கடையில் கிடைக்காது. அவர்கள் மார்க்கத்தில் அது விலக்கு. ஈரலும் மண்ணீரலும் விலக்கில்லை என்பதால் அவை தாராளமாகக் கிடைக்கும். உறைந்த ரத்தத்தைப் பச்சையாக வாணலியில் கொட்டினால் அடியோடு ஒட்டும். மஞ்சள் நீரில் கட்டியாகவே பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு, நடுவில் சிவப்பு இல்லாததைப் பார்த்து, ஆறியதும் உதிர்க்க வேண்டும். அதே அளவு சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கடைசியில் தேங்காய்த் துருவல். ஐந்து நிமிடத்துக்கு மேல் வதக்கினால் மணல் மாதிரி ஆகிவிடும்.

குண்டிக்காயை இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதியைக் கத்தரியால் முழுதாக வெட்டியெடுங்கள். மூத்திர வாடை வருவது அங்கிருந்துதான். அரை மணி நேரம் உப்பு மோரில் போட்டுவிட்டு ஈரல் மாதிரியே வதக்கலாம்.

மூளையின் ருசியில் குறையில்லை, அதன் வழவழப்புதான் எனக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. குளிர்ந்த உப்பு நீரில் இருபது நிமிடம் வைத்து, ரத்த நரம்புகளோடு சேர்த்து மேல்சவ்வை உருவி, எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்ட நீரில் ஏழெட்டு நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டால் இறுகும். ஆறவிட்டு வெட்டினால் உடையாது. மசாலாவில் போட்டபின் கரண்டியால் கிளறாமல் வாணலியை ஆட்டுங்கள். நூறு கிராமில் கொழுப்புச்சத்தான கொலஸ்ட்ரால் 1,300 மில்லிகிராமைத் தாண்டும் என்பதால் எப்போதாவது என்பதே சரியான அளவு.

நுரையீரல் பிடிக்காததற்குக் காரணம் எளிது. அது காற்று நிறைந்த பஞ்சு. கடித்தால் கீச்சென்று ஒரு சத்தம், உள்ளே தனி ருசி எதுவுமில்லை. விலை குறைவு என்று வாங்குகிறவர்கள் குக்கரில் மட்டும் போடாதீர்கள். நுரை பொங்கி ஆவித் துவாரத்தை அடைத்துவிடும். திறந்த பாத்திரத்தில், அகப்பையால் அமுக்கி அமுக்கி, நுரையை வழித்தெடுத்து வேகவைக்க வேண்டும்.

நுரையீரலிலும் ஈரலிலும் தண்ணீர் நிரம்பிய வெள்ளைக் கொப்புளம் இருந்தால் அதை வாங்கவே கூடாது. அது நாய்க் குடலில் வளரும் ஒரு நாடாப்புழுவின் நீர்க்கட்டி. அந்தத் துண்டை அறுத்துக் கடை வாசலில் நிற்கும் நாய்க்கு வீசுவார்கள் பாருங்கள், அதில்தான் ஆபத்து. நாய் தின்றால் அதன் வயிற்றில் புழு வளர்ந்து, முட்டை அதன் கழிவோடு வெளியேறி, ஆட்டுக்கும் மனிதருக்கும் திரும்ப வரும். வீட்டில் வெட்டும்போது கட்டி தென்பட்டால் குத்திப் பார்க்காமல், துண்டோடு கொதிக்கவைத்தோ எரித்தோ, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.